ஊர்க்காரன் கையில் சுக்கான்

தி. நகரில் பஸ் தண்ணீரில் நின்றுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்காலளவு வெள்ளத்தில் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்தவர், "இன்னாபா இது, ரோடா ஏரியா?" என்று அலுத்துக்கொண்டார். எனக்குப் பதில் தெரியும். சொன்னால் உதைப்பார். உங்களிடம் சொல்லலாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒருநாள் அடையாறு முகத்துவாரத்தில் இப்படித்தான் தண்ணீருக்குள் இறங்கி நடந்தேன். அன்று கையில் செருப்பில்லை, மாசிக் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது.

மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்காரவைத்தார்கள். மூன்றாவது வருஷமும் உட்காரப் பிடிக்காமல் கிளம்பியவன், கண்ட ஊரில் கண்ட வேலை பார்த்து, இருபது வயதில் தூத்துக்குடிப் பாய்மரத் தோணி ஒன்றில் பண்டாரியாகச் சேர்ந்தேன். கப்பலில் சமைப்பவனுக்கு அதுதான் பெயர். சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். நிறையச் சாப்பிட்டிருந்தேன், அதனால் தெரியும் என்றேன்.

கொழும்பு, மாலத்தீவு என்று ஒரு வருஷம் சுற்றினோம். போகும்போது அரிசி, வெங்காயம். வரும்போது மாசியும் கயிறும். பாய் வேலை யாரும் சொல்லித்தரவில்லை. அடுப்புதான் சொல்லித்தந்தது. புகை இடக் கண்ணை விட்டு வலக் கண்ணுக்குள் வந்தால் காற்று மாறிவிட்டது. ஓடுகிற மேகங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அதன் கீழே தீவு. இவ்வளவும் கற்ற பிறகு பானைக்கு முன்னால் உட்கார யாருக்குப் பிடிக்கும்? அடுத்த பயணம் அந்தமானுக்கு என்று தெரிந்ததும், என்னை மாலுமியாகச் சேர்க்கச் சொல்லித் தோணித் தலைவரை நச்சரித்தேன். அவரைத் தண்டல் என்போம்.

"மெட்ராஸ் வரட்டும்லே, பாப்பம்" என்றார் தண்டல்.

எங்கள் தோணியில் ஒரு வழக்கம். எந்தத் துறைக்குப் போகிறோமோ, அந்த ஊர்க்காரன்தான் கடைசியில் சுக்கான் பிடித்து உள்ளே கொண்டுபோக வேண்டும். அவனுக்கு அது மரியாதை. மாலத்தீவிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பதினொரு நாள் கரையே காணாமல் வந்து, மகாபலிபுரம் தாண்டியதும் சுக்கான் என் கைக்கு வந்தது. "ஒழுங்கா சேத்துட்டன்னா நீ மாலுமி" என்றார். எல்லோரும் கரைக்கு இறங்கச் சவரம் செய்ய உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பிறந்து வளர்ந்த ஊரை நான் கடலிலிருந்து பார்த்ததே இல்லை. நான் ரயிலில் போனவன். கரையெல்லாம் ஒரே பனைமரம், ஒரே மூட்டம். கேட்கலாம்தான். சொந்த ஊருக்கு வழி கேட்டால் மாலுமி வேலை போய்விடுமே! அந்த நேரம் பார்த்து, அசையாமல் நிற்கிற புகை ஒன்று தெரிந்தது. துறைமுகத்துக் கப்பல் புகைதான் என்று முடிவுசெய்து, பெருமையோடு திருப்பினேன்.

அது மட்டிச் சிப்பி சுடும் அடையாற்றங்கரைச் சுண்ணாம்புக் காளவாய்.

தோணி மணலில் ஏறிய குலுக்கலில் உலைப்பானை கவிழ்ந்தது. கட்டுமரத்தில் வந்த மீனவர் ஒருவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா நைனா, மட்டி பொறுக்கவா இம்மாம் பெரிய தோணில வந்துக்கினு கீறீங்க? ஆர்பர் அந்தாண்ட கீது!"

தண்டல் பாதி மீசையோடு எழுந்து வந்தார். "ஏலே, இது உன் ஊருதானலே?"

"ஆமாம், மயிலாப்பூர் அதோ..." என்று கையை நீட்டினேன். மீனவர் என் கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

சாயங்காலம் தண்ணீர் ஏறித் தோணி தானாக மிதந்தது. சேதமில்லை. தண்டல் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும். மாசிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "நல்லாத்தான் சமைக்கிறலே நீ. ஆனா அந்தமானுக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்றார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது சுக்கானில் வேறொருவன் நின்றான்.

மாசி வாசனையோடு மயிலாப்பூர் மாடவீதியில் நுழைந்ததும், குளத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மூக்கைப் பொத்தினார். "என்னடா இது, குளிச்சுட்டு வரவா நடக்கிற தெருவுல!" நானும் தண்ணீரிலிருந்துதான் வருகிறேன் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

அக்கா வீட்டில் மாமாவுக்கு மாசி பிடித்துவிட்டது. அவர் மண்வேலை மேஸ்திரி. விரலை நக்கிக்கொண்டே, "தண்ணி வேலதானே உனக்குத் தெரியும்? காலைல என்கூட ஏரிக்கு வா" என்றார்.

பாய்மரத் தோணிகளை இப்போது காணோம். காளவாய்ப் புகை இருந்த இடத்தில் மாடி வீடுகள். இந்த இடத்தில் மாம்பலம் ஏரி என்று ஒன்று இருந்ததே இந்த பஸ் டிரைவருக்குத் தெரிந்திருக்காது. கண்ணுக்கெட்டியவரை தண்ணீர், காற்றடித்தால் அலைகூட வரும். மறுநாள் விடிந்ததும் அதன் கரையில் நின்றேன். காற்று எந்தப் பக்கம் என்று பழக்கத்தில் பார்த்துக்கொண்டேன். பிறகு, புது நகர் கட்டுவதற்காக, என் தலையிலிருந்த முதல் கூடை மண்ணை அந்தத் தண்ணீரில் கொட்டினேன்.