டேப் சுற்றிய மடக்குக் கத்தி

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கியா பார்ம் கடைகளைத் தாண்டி கம்போங் ராஜாவுக்குப் போகிற சாலையில் நடந்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன். லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். இன்றும் அங்கேதான். எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மடக்குக் கத்தி சேர்ப்பேன்.

விலை உயர்ந்தது எதுவும் கிடையாது. கடையில் வாங்கியதும் கிடையாது. எல்லாம் ஆட்கள் விட்டுப்போனவை. ஒரு வங்காளதேசத்துக்காரன் பர்மிட் முடிந்து ஊருக்குப் போகும்போது ஒன்றை வைத்துவிட்டுப் போனான். முட்டைக்கோஸ் தோட்டத்துச் சீன முதலாளி, தவுக்கே, ஒன்று தந்தார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி பென்சில் சீவிய கத்தி ஒன்று. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். மழை நாளில் எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பேன். ஒவ்வொன்றையும் திறக்கும்போது அதற்குரிய ஆள் ஞாபகத்துக்கு வருவார். அவ்வளவுதான்.

வீட்டுக்காரிக்கு இது பிடிக்காது. “ஊருல உள்ளவன் ஸ்டாம்பு சேக்குறான், பழைய காசு சேக்குறான். நீங்க கத்தி சேக்குறீங்க. யாரக் குத்தப் போறீங்க?” என்பாள். “ஒன்னையத்தான்” என்பேன். சிரிப்பாள்.

ஒரு கத்தியை மட்டும் அவள் கேலி செய்ததில்லை. அது என் தம்பியுடையது. கொழுந்து லோரி மழையில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்ததில் அவன் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் அவன் சட்டையையும் சிலுவாரையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சிலுவார் பாக்கெட்டில் அந்தக் கத்தி இருந்தது. கைப்பிடி ஒரு பக்கம் உடைந்து, அவனே நீல டேப் சுற்றி வைத்திருந்தான். அவன் கட்டைவிரல் பட்டுப்பட்டு டேப்பில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. என் விரல் அதில் சரியாக உட்காராது. என் விரல் பெரிது.

அந்தக் கத்தியின் ஆணி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கம்போங் ராஜாவில் ஒரு பட்டறைக்காரர் புது ஆணி அடித்துத் தருவதாகச் சொன்னார். மற்றவற்றையும் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். டின்னோடு கிளம்பினேன்.

கூட ஒருவன் வந்தான். என் தம்பியின் கூட்டாளி, எங்கள் தோட்டத்திலேயே வேலை. பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு பேரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். தம்பி போன பிறகு ‘அண்ணே, அண்ணே’ என்று என் வீட்டுக்கு வந்து போவான். தீபாவளிக்கு அவனுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவனையும் நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புறப்படும்போது அவன் ஒரு கத்தியை எடுத்து என் காரின் பானெட் மேல் வைத்தான். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். உறவு அறுந்துவிடும் என்பார்கள். கீழே வைப்போம், அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

“தாய்லாந்து பார்டர்ல வாங்குனதுண்ணே. பட்டன அமுக்குனா தானா தொறக்கும். இதையும் சேத்துக் காட்டுங்க. மெரண்டுருவாரு.”

எடுத்து டின்னில் போட்டேன். பட்டன் கத்தி வைத்திருப்பதே குற்றம் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

ஒரு வளைவில் போலீஸ் மறித்தார்கள். வெளிநாட்டு ஆட்களின் பர்மிட் பார்க்க அடிக்கடி நிற்பார்கள். எங்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பார்கள். பின்சீட்டில் டின் இருந்தது. மலாய்க்கார சார்ஜன் ஒருவர் பிஸ்கட்டா என்று விளையாட்டாகத் திறந்தார்.

முகம் மாறிவிட்டது. இறங்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பழைய கத்தி, வேலைக் கத்தி, ஞாபகத்துக்குச் சேர்க்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டேப் சுற்றியதைத் தூக்கி, இதையுமா சேர்க்கிறாய் என்று சிரித்தார். என் தம்பியுடையது, செத்துப்போய்விட்டான் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தார். விட்டுவிடுவார் என்றுதான் தோன்றியது.

அடுத்து எடுத்தது பட்டன் கத்தி. டக்கென்று திறந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

“இனி சியாப்பா பூன்யா?” இது யாருடையது என்று கேட்டார்.

நான் அவனைப் பார்த்தேன். சொல்வான் என்றுதான் பார்த்தேன். சொன்னான். எல்லாம் அண்ணனுடையதுதான், அவர்தான் கத்தி சேர்க்கிறவர் என்று நல்ல மலாயில் சொன்னான். சொல்லிவிட்டு ரோட்டோரத்து ஸ்ட்ராபெர்ரி போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சார்ஜன் என்னிடம் மறுபடி கேட்டார். நான் இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் நின்றால் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டார்கள்.

என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். என் காரை அவன் ஓட்டிப் போய் லயத்தில் விட்டான். சாவியை என் வீட்டுக்காரியிடம் கொடுத்து, “ஒன்னும் பயப்படாதீங்க அண்ணி, அண்ணே வந்துருவாரு” என்று ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறான்.

போலீஸ் நிலையத்தில் ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் இருந்தார். தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். “மத்ததெல்லாம் துருப்புடிச்ச வேலக் கத்திங்க. அதுக்குப் பேசிப் பாக்கலாம். இந்தப் பட்டன் கத்திதான் வில்லங்கம். உங்களுதா?”

“இல்ல.”

“அப்ப யாருதோ, அவரு கேஸ் நாளுக்கு முன்னால இங்க வந்து என்னோடதுன்னு சொல்லணும். இல்லன்னா எல்லாக் கத்தியும் டின்னோட போயிரும், சொல்லிட்டேன்.”

எங்கள் தோட்டத்து மேஸ்திரி, மண்டோர் என்போம், அவர் வந்து கையெழுத்துப் போட்டு என்னை வெளியே கொண்டுவந்தார். மறுநாள் வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

“தம்பி, டின்னுக்காக வரல. அந்த டேப் சுத்துனது மட்டும் வேணும். நீ வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“நான் என்னண்ணே சொல்றது?”

“அந்தப் பட்டன் கத்தி ஒன்னோடதுன்னு.”

“நான் உங்க கையில குடுத்தேனா?”

“கத்திய எவன்டா கையில குடுப்பான்?”

அவன் துணியைப் பிழிந்தான். “சிங்கப்பூர்ல வேல வர்ற நேரம்ணே. போலீஸ் கேஸுன்னா எல்லாம் போச்சு. உங்களுக்கு என்னண்ணே? தோட்டத்து வேலைக்கு யாரு இதெல்லாம் கேக்கப் போறா?”

அவன் சொன்னது பொய் இல்லை. தோட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு ரோட்டில் என் காதோடு இதைச் சொல்லியிருந்தால் நானே என்னுடையது என்று ஒப்புக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

திரும்பி நடந்தேன். பின்னாலேயே வந்தான். “அண்ணே, புதன்கெழம வரேன். அவன் கத்தி எனக்கும் அப்படித்தானே. அவன் மேல சத்தியமா வரேன்.”

தம்பி பேரைச் சொன்னதால் நம்பினேன்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு போலீஸ் நிலைய வாசலில் நின்றேன். பனி விலகி வெயில் வந்தது. வேனில் வந்த சுற்றுலாக்காரர்கள் சோளம் தின்றுகொண்டு போனார்கள். போன் செய்தேன். போனை அணைத்து வைத்திருந்தான். அந்தத் தமிழ்ப் போலீஸ்காரர் வெளியே வந்து, “வரலயா?” என்றார். “வருவான்” என்றேன். சாப்பிடப் போய்த் திரும்பும்போது எனக்கும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வந்து கையில் வைத்தார். “வரமாட்டாருய்யா. சாப்புட்டு வீட்டுக்குப் போங்க.” எனக்கு யாரென்றே தெரியாத மனிதர். அந்தச் சோற்றை அப்படியே கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இல்லை என்று சொன்னால் சாட்சி வேண்டும். எனக்குச் சாட்சி ஒருவன்தான். அபராதம் போட்டார்கள். கத்திகள் எல்லாம் பறிமுதல், அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. டேப் சுற்றிய ஒன்றை மட்டும் தர முடியுமா என்று கேட்டேன். மொழிபெயர்ப்பவர் எடுத்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உத்தரவு எல்லாவற்றுக்கும்தான் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

லயத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடைக்குப் போனால், “ஒதுங்குங்கடா, கேங்ஸ்டர் வராரு” என்பார்கள். “அண்ணே, ரொட்டி வெட்டணும், கத்தி இருக்கா லா?” என்பான் ஒருவன். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் அந்தச் சிரிப்பில் என் தம்பி கூட்டாளியின் குரலும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரி ஒரே ஒரு தடவை சொன்னாள். “ஒக்கார வச்சு சோறு போட்டனே.”

சிங்கப்பூர் வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கேஸில் அவன் பேரே இல்லை.

எங்கள் தோட்டத்தில் இப்போது பெரும்பாலும் மிஷினில்தான் கொழுந்து வெட்டுகிறோம். இரண்டு பேர் பிடிக்க வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரே உயரம், ஒரே நடை. ஒருவர் கை தாழ்ந்தால் கொழுந்தோடு கட்டையும் வெட்டுப்பட்டுவிடும். ஆள் பற்றாமல் மண்டோர் என்னையும் அவனையும் ஒரே மிஷினில் போட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

முதல் நாள் வரிசை முடிவில் மிஷின் சத்தம் அடங்கியதும், “அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க” என்றான்.

“தூக்கிப் புடி. ஒன் பக்கம் எறங்குது” என்றேன்.

அதற்குமேல் பேச்சில்லை. இன்றும் அவனோடுதான் வேலை. நன்றாகத்தான் வெட்டுகிறோம். புதிதாக வருகிற ஆட்களிடம் மண்டோர் எங்களைக் காட்டி, “அந்த ரெண்டு பேரையும் பாத்துப் பழகுங்க, எப்புடி ஒத்துப் போறாங்கன்னு” என்கிறார்.

நான் இப்போது கத்தி சேர்ப்பதில்லை. ஊருக்குப் போகிறவர்கள் தந்தாலும் வேண்டாம் என்றுவிடுகிறேன். செத்துப்போன தம்பியை நினைக்க எனக்கு ஒரு கத்தி இருந்தது. தினமும் எதிரில் நடக்கிற தம்பியை மறக்கத்தான் இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை.