சரஸ்வதிக்குக் கிடைத்த கைதட்டல்

இந்த ஊர் பூத்தில் கைதட்டுகிறார்கள். அமெரிக்காவில் இந்த சுகர் லேண்டில் தேர்தல் நாளுக்கு முன்னாலேயே பூத்தைத் திறந்துவிடுவார்கள். வசதிப்பட்ட நாளில் போய் ஓட்டுப் போடலாம். முதல்முறை போட யாராவது வந்தால் மேசையில் இருக்கும் அம்மாள் உரக்க அறிவிப்பாள், வரிசையே கைதட்டும். போன வாரம் அந்தக் கைதட்டல் என் மனைவி சரஸ்வதிக்கு. நான் வெளியே நின்று கேட்டேன். வயிறு எரிந்தது.

ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, சொந்தப் பட்டறை போட்டவன். என் கை படாத பஸ் ஓடிய ரோடு எங்கள் பக்கம் கிடையாது. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் முதலில் என் வீட்டுப் படிதான் ஏறுவார்கள். ஓட்டே போடாமல் வீட்டில் கிடப்பவர்களை வேனில் அள்ளிப்போய்ப் போடவைப்பேன். எந்தச் சின்னம் என்று சரஸ்வதிக்குக் கிளம்பும்போது சொல்வேன். தலையாட்டுவாள்.

இங்கே வந்து வருஷங்கள் ஆனபின், சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணுங்கள் என்றான் மகன். ஒரு ஆபீசர் கேள்வி கேட்க, பதில் சொல்ல நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? என் ஓட்டு கரூரில் இருக்கிறது, போதும் என்றுவிட்டேன். சரஸ்வதி தோசை ஊற்றிக்கொண்டே அந்தக் கேள்வி பதில்களை இயர்போனில் கேட்டுக் கேட்டுப் படித்தாள். கிண்டல் செய்தேன். பாஸாகி இந்த நாட்டு சிட்டிசன் ஆகிவிட்டாள்; அத்தோடு இந்தியாவில் அவள் ஓட்டு போயிற்று. நான் இங்கே ஓட்டில்லாத கிரீன் கார்டோடு நிற்கிறேன்.

அன்று துணைக்குப் போனவனிடம் வாசலில் நின்ற பெண், "ஃபர்ஸ்ட் டைம்?" என்றாள். விட்டுக்கொடுப்பேனா? "நோ, நோ. ஃபிஃப்டி இயர்ஸ்" என்றேன். அவள் பூரித்துப்போய் என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டாள். அதெல்லாம் இந்தியாவில் போட்டது என்று விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை. மேசைக்கு இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். "நாட் சிட்டிசன்" என்று முனகிவிட்டு வெளியே வந்தேன். அப்போதுதான் உள்ளே தட்டினார்கள்.

ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு சரஸ்வதி வண்டியில் ஏறினாள். ஃப்ரீவே வரும்வரை பொறுத்து, யாருக்குப் போட்டாய் என்றேன்.

"அதெல்லாஞ் சொல்லக்கூடாதுங்க."

"ஊர்ல நாஞ் சொன்னதுக்குத்தானே போடுவே?"

"அப்படீன்னா நெனச்சுட்டு இருந்தீங்க?"

வெளியே பார்த்துச் சிரித்தாள். அத்தனை தேர்தலிலும் அவள் தலையாட்டியது கண்முன் வந்தது. வீடு வந்தது. இறங்கும்போது அவளே சொன்னாள், இந்தப் பக்கத்தில் சிட்டிசனாகியும் ஒருமுறைகூட ஓட்டுப் போடாத நம் பெண்கள் நாலு பேரைப் பேசி வைத்திருக்கிறாளாம்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க. வேன் நீங்கதான் ஓட்டோணும்."

என் வேலை அது. இப்போது அவள் ஆள் சேர்க்கிறாள், நான் டிரைவர். ஆனாலும் ஓட்டினேன். அவர்கள் உள்ளே போனதும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கரூரிலிருந்து பழைய கட்சிக்காரன் ராசு போனில் வந்தான். ஊரில் அடுத்த தேர்தலுக்கு இப்போதே வேலை தொடங்கிவிட்டார்களாம்.

"அண்ணா, உங்க வூட்ல எத்தன ஓட்டுன்னு வெச்சுக்கலாங்க?"

எப்போதும் யோசிக்காமல் ரெண்டு என்பேன்.

"ஒண்ணு" என்றேன்.

அந்த ஒன்றைப் போட நானாவது ஊருக்கு வருவேனா என்று அவன் கேட்கவில்லை. பூத் கதவு திறந்தது. உள்ளே யாருக்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.