பூச்சி என்றால் எந்தப் பூச்சி?

நாட்டுக்கோழி வளர்ப்பில் நாம் வெறும் பங்காளிதான். பாம்பு, கீரி, பருந்து எல்லாம் தின்றது போக மீதி இருந்தால் அதற்குப் பெயர் லாபம். தோட்டத்து வீட்டில் குடியிருந்து கோழியும் வளர்த்து, கூடவே நடைபழகுகிற பிள்ளையையும் வைத்திருக்கிற அக்கா தங்கச்சிமாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என்னைப்போல குனிந்த தலை நிமிராமல்தான் நடப்பீர்கள். அடக்கம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். நாம் பார்ப்பது தரையை.

நான் பிறந்தது அகரம். கட்டிக்கொடுத்தது சாணார்பட்டிப் பக்கம், சிறுமலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு தோட்டத்தில். வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் மில் வேலைக்குப் போனார். மாமனார் வெள்ளாமை பார்த்தார். கோழிகள் என் பொறுப்பு. என் மகள் ஜெசி எழுந்து நடக்க ஆரம்பித்ததும், கோழிக்கு வருகிற ஆபத்தெல்லாம் அவளுக்கும் வரும் என்கிற நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

பெயரைச் சொல்லாதே

கல்யாணமாகி வந்த புதிதில், தொட்டிப் பக்கம் நெளிந்து போன ஒன்றைப் பார்த்து "பாம்பு, பாம்பு!" என்று கத்தினேன். மாமனார் ஓடி வந்தார். கம்போடு வருவார் என்று பார்த்தால் வெறுங்கையோடு வந்து என்னைத்தான் அதட்டினார். "பேரைச் சொன்னா கூப்புட்ட மாதிரி தாயி. பூச்சின்னு சொல்லு." ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் இந்தச் சட்டத்தை மட்டும் யாரும் மீறக்கூடாது. பகலானாலும் சரி, விளக்கு வைத்த பிறகானாலும் சரி, எங்கள் வீட்டில் அது பூச்சிதான்.

எனக்கும் நாக்கு பழகிவிட்டது. முட்டை வாங்க மொபெட்டில் வருகிற டவுன் டீச்சர் ஒருவரிடம், "இந்த வாரம் முட்டை இல்லீங்க டீச்சர், பூச்சி வந்து முழுங்கிருச்சு" என்று சாதாரணமாகச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முட்டையை முழுங்குற அளவுக்கா பூச்சிய வளர விட்டிருக்கீங்க? மருந்து வாங்கி அடிக்கக் கூடாதா?"

கூடைக்குள் கை

அடைக்கோழியை மாட்டுக்கொட்டகை மூலையில், மணல் போட்ட கூடையில் உட்கார்த்தியிருந்தேன். ஒருநாள் மதியம் திண்டுக்கல் பிரியாணிக் கடைக்காரர் சேவல் பிடிக்க வந்து வாசலில் நின்றார். அவரை நிறுத்திவிட்டு, அடை முட்டையை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கொட்டகைக்குள் போனேன். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போலக் கையை விட்டேன். கோழி என்றால் சூடாக இருக்க வேண்டும். விரலில் பட்டது சில்லென்று இருந்தது. தலைக்கு மேலே, உத்திரத்தில் இருந்து கோழி கொக்கரித்தது.

கையை எடுத்தேனா, தானாக வந்ததா தெரியாது. கூடைக்குள் இருந்து அது எழுந்து படம் விரித்தது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஜெசி. ஓடினால் அவள் விழுவாள். திரும்பினால் அவள்தான் முன்னால் நிற்பாள். இருந்த இடத்திலேயே நின்றேன். மூச்சு விடுவதுகூட இரைச்சலாகக் கேட்டது. அது படத்தைச் சுருக்கி, சுவரோரப் பொந்துக்குள் முழுதாகப் போகிறவரை நின்றேன். வெளியே இருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். "என்னம்மா, முட்டை பார்க்கப் போயி நீயே அடை படுத்துட்டியா?"

கேசட்டும் பருந்தும்

நடுவில் ஒரு லேசான சமாச்சாரம். குஞ்சுகளைப் பருந்து தூக்காமல் இருக்க, பழைய கேசட் நாடாவை உருவி முற்றத்துக்குக் குறுக்கே கட்டினேன். வெயிலில் அது மின்னினால் பருந்து இறங்காது. கையில் கிடைத்த கேசட் எல்லாம் வீட்டுக்காரர் ஆசையாகச் சேர்த்தவை. சாயங்காலம் மில்லில் இருந்து வந்தவர், காற்றில் விர்ரென்று ஆடிய நாடாவை அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். "நல்ல பாட்டு. செத்த சத்தமா வச்சா எனக்கும் கேக்கும்."

காவலுக்கு வந்த கீரி

பொந்தைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். அடைத்தோமே தவிர, அது உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஜெசியை இடுப்பில் இருந்து இறக்கவே எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில் வேலியோரம் ஒரு கீரி நடமாடியது. "விடு, இது இருந்தா பூச்சி அண்டாது" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நாயைக்கூடக் கட்டிப்போட்டு அதற்கு வழி விட்டோம். அது பூச்சியைத் தேடியதோ இல்லையோ, என் முட்டைக்கோழிகளாகப் பார்த்துக் கழுத்தைக் கடித்துப் போட்டது. பக்கத்துத் தோட்டத்துக் காளியம்மா மதினி வந்து இறகைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. "பூச்சிக்குப் பயந்து கீரிய வச்சீக, இனி கீரிக்குப் பயந்து எதை வைக்கப் போறீக?"

தீப்பெட்டி

முதல் மழை பெய்ததும் தரையில் ஊருமே, சிவப்பு வெல்வெட்டுத் துணியில் வெட்டி எடுத்த மாதிரி ஒரு பட்டுப்பூச்சி, அதைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டு ஜெசிக்குக் கொடுத்திருந்தார் மாமனார். அன்றிலிருந்து தீப்பெட்டியும் கையுமாகவே அலைந்தாள். ஊர்கிறது எதைக் கண்டாலும், "அம்மா, பூச்சி!" நான் அடுப்படியில் இருந்தே, "புடிச்சுப் பெட்டிக்குள்ள போடு தாயி" என்பேன்.

அன்று காலையில் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். மாமனார் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வெஞ்சனத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் இருந்து குரல் வந்தது.

"அம்மா, பூச்சி."

"புடிச்சுப் பெட்டிக்குள்ள போடு."

கடுகு வெடித்து முடித்தது. மறுபடியும் குரல்.

"போக மாட்டேங்குது."

"ஏன் போகாது?"

"பெருசு."

கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. வாசலுக்கு வந்தால், ஜெசி குத்தவைத்து உட்கார்ந்து, திறந்த தீப்பெட்டியை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் அது படம் எடுத்து நிற்கிறது. பெட்டி அசைகிற பக்கமெல்லாம் தலையும் அசைகிறது. கூப்பிட்டால் எழுந்திருப்பாள். எழுந்தால் கொத்தும். "மாதாவே" என்றுகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. நிலைப்படியோரம் கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் இருந்தது. தினமும் காலையிலும் மாலையிலும் செய்கிற வேலைதானே. துள்ளுகிற சேவலைக் கவிழ்க்கிற மாதிரி அந்த மூங்கில் கூடையைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்தேன். உள்ளே இருந்து மூங்கிலில் பட்டென்று ஓர் அடி. அதற்குள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கிணற்றடி வரைக்கும் ஓடிவிட்டேன்.

பஞ்சாரத்து ஓட்டை அதற்குத் தாராளம். சாவகாசமாக வெளியே வந்து வைக்கோல் படப்புப் பக்கம் போனது. இத்தனை வருஷம் தொண்டையில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அப்போது வெடித்தது. "பாம்பு! பாம்பு! பாம்பு!" மண்வெட்டியோடு ஓடி வந்த மாமனார் கவிழ்ந்த கூடையைப் பார்த்தார், கீழே கிடந்த தீப்பெட்டியைப் பார்த்தார், ஜெசியின் கையையும் காலையும் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். பிள்ளை மட்டும் நிதானமாக இருந்தாள். "தாத்தா, பூச்சி எப்ப முட்டை போடும்?"

மாமனாருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே கிடந்த தீப்பெட்டியை எடுத்து மூடினார். "இனிமே பேரையே சொல்லுங்க தாயி. வர்றது வரட்டும், நமக்குத் தெரிஞ்சாச்சும் வரட்டும்."

அகராதி

அன்றைக்கே படப்பைப் பிரித்து மேய்ந்துவிட்டோம், அது அகப்படவில்லை. ஜெசிக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். பழக்கியது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அடுத்த வாரம் டீச்சர் வந்து இறங்கியதும், அவர் காலடியைக் காட்டி "பாம்பு!" என்று வீறிட்டாள். டீச்சர் மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டுத் துணி துவைக்கிற கல்மேல் ஏறிக்கொண்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு மண்புழு. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, கல்மேல் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "பாம்பைப் பூச்சிங்கிறீங்க, புழுவைப் பாம்புங்கிறீங்க, உங்ககிட்ட முட்டை வாங்கணும்னா கையோட ஒரு அகராதியும் கொண்டு வரணும்மா!"

பெயரைச் சொன்னதால் கூடுதலாக ஒன்றும் வந்துவிடவில்லை, சொல்லாமல் இருந்தபோதும் ஒன்றும் வராமல் இருந்ததில்லை. கூடியது ஒன்றே ஒன்றுதான், இப்போதெல்லாம் ஜெசி மண்புழுவைக் கண்டு கூப்பிட்டாலும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பதால் எங்கள் வீட்டுக் குழம்பு நேரத்துக்குக் கொதிப்பதே இல்லை.