ஐந்து புள்ளி

ரங்கூனில், போட்டாதாங் பேட்டைக் கிடங்கொன்றில் நானே பார்த்தேன். உப்பிப்போன பழைய பால் டப்பாக்கள் வரிசையாக நிற்க, பெண்கள் பசை தடவிப் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூலிகள் குடியிருக்கும் லைனில் குழந்தைகள் ஏன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. அன்றே எழுதி, நான் பிழை திருத்தும் வாரப் பத்திரிகையின் ஆசிரியரிடம் கொடுத்தேன், கம்பெனியின் பெயரோடு.

அவர் வக்கீலிடம் காட்டினார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உண்மையா இருந்தா மட்டும் போதாதுய்யா. பொது நன்மைக்குத்தான் எழுதினேன்னும் கோர்ட்டில நிரூபிக்கணும். எழுத்தும் பேச்சும் மட்டுமில்ல, சாடை காட்டினாலும் மானநஷ்டம்தான்.”

கம்பெனிக்கும் மானம் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். பெயர் போயிற்று. அதன் ஐந்து எழுத்துக்கு ஐந்து புள்ளி வைத்தோம். அந்நாளில் அதுதான் வழக்கம்.

என் அறைக்குக் கீழே ஒரு ஜப்பான்காரர் மருந்தும் டப்பா சாமானும் விற்றுவந்தார். அவருக்கும் குடும்பமில்லை, எனக்கும் இல்லை. மழைக்கால மாலைகளில் அவர் கடையில் சர்க்கரை போடாத தேநீர், கொஞ்சம் பர்மாப் பேச்சு, நிறைய மௌனம். அத்தனை பெரிய ரங்கூனில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அவருடைய கடைப் பெயரும் தமிழில் ஐந்து எழுத்து. எனக்குத் தோன்றவே இல்லை. தெருவுக்குத் தோன்றிவிட்டது; விரல் விட்டு எண்ணினார்கள்.

இரண்டே வாரத்தில் கடைக்கு ஆள் வருவது நின்றுபோயிற்று. ஒரு மாலை அவர் பத்திரிகையை விரித்து, தமக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தில் புள்ளிகளை மட்டும் தொட்டுக் காட்டினார்.

“எங்க ஊர்ப் பத்திரிகையிலும் எழுத்துக்குப் பதிலா வட்டம் போடுவாங்க, சயா,” என்றார் பர்மாப் பேச்சில், வாத்தியாரை அழைக்கும் மரியாதையோடு. “வட்டத்துக்குள்ள யாரை வேணும்னாலும் உட்கார வைக்கலாம்.”

அது தாம் இல்லை என்று ஒரு வரி போடும்படி கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆசிரியர் மறுத்தார். “இவர் இல்லைன்னு போட்டா, அப்ப யாருன்னு கேப்பான். அதுவும் சாடைதான்.”

மறுநாளும் போனேன். நாற்காலி வந்தது, தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை. மழை ஓய்வதற்குள் அவர் கடையைக் கட்டிக்கொண்டு மோல்மேன் ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

முனைத் தேநீர்க்கடையில் பேச்சு அதுவாகவே இருந்தது. தப்புப் பண்ணாதவன் ஏன் ஓடுகிறான் என்றார் ஒருவர். அவர் இல்லை என்றேன்.

“அப்ப யாரு? பேரைச் சொல்லுமேன், கேப்போம்.”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஐந்து எழுத்தும் நாக்கின் நுனிவரை வந்து நின்றன. அடுப்பருகே ஒரு பால் டப்பா இருந்தது, அதே கம்பெனி. எட்டி, அதன் லேபிளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கடைக்காரர் டப்பாவை எடுத்து அடுத்த கோப்பையில் பாலை ஊற்றினார். பிறகு லேபிள் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டார்.