காது கேளாதவளுக்கு ஒரு காப்பீடு

எங்கள் நாய்க்குக் காது கேட்காது என்பது, அவள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பின் தெருவில் தெலுங்கு பேசும் ஒரு வீட்டில் ஈன்ற குட்டி. சுத்த ராஜபாளையம். மேலெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அந்த வருடத் தீபாவளிக்குத் தெருவிலுள்ள நாயெல்லாம் கட்டிலுக்கு அடியிலும் காருக்கு அடியிலும் பதுங்க, இவள் மட்டும் வாசலில் கால் நீட்டித் தூங்கினாள். பத்தடியில் சரவெடி வெடித்தது. என் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி பார்க்கிறவர். "பாத்தியாட்டி, இதுதான் ரத்தம். பயம்னா என்னன்னே தெரியல" என்று என்னிடமும் மில் முழுக்கவும் சொல்லிப் பெருமைப்பட்டார். ஒரு மாதம் போனது. ஒருநாள் அவள் தூங்கும்போது பக்கத்திலேயே என் கையிலிருந்த குக்கர் மூடி கீழே விழுந்தது. அவள் கண்கூடத் திறக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினார். பிறகு விசில் அடித்தார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவளுக்குக் கைச் சைகைதான். தரையில் காலால் தட்டினால் திரும்பிப் பார்ப்பாள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் லேப்ரடார் வளர்க்கிறார். அது சாக்ஸை விழுங்கி, வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. "இன்சூரன்ஸ் இருந்துச்சு, தப்பிச்சோம்" என்றார். நாய்க்கு இன்சூரன்ஸா என்று அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். வீட்டில் சொன்னதும் அவர், "மகாராஜபுரத்துல அண்ணன் மாட்டுக்குப் போட்டிருக்காவளே, காதுல மஞ்சக் கம்மல் மாதிரி. அதுவா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கம்பெனிகளின் விவரங்களைப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். மூன்று பிள்ளைகளின் விடைத்தாளை அடுத்தடுத்து வைத்துத் திருத்துகிற மாதிரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதலாவது மலிவு, வருடத்துக்கு இரண்டு கேஸ் சிலிண்டர் காசுதான். ஆனால் நாய் செத்தாலோ களவு போனாலோதான் பணம். "சாகாம இருக்கத்தானே போடுதோம்" என்று அவரே அதைக் கவிழ்த்து வைத்தார். இரண்டாவதில் வைத்தியச் செலவு உண்டு, நாலு சிலிண்டர். கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்து நாயின் ஜாதியைத் தேர்ந்தெடுக்கப் போனால் ஜெர்மன், ஜப்பான், சைனா என்று ஊர்பட்ட பெயர்கள். எங்கள் நாய் இல்லை.

"இன்னும் கீழ போ."

"கீழ முடிஞ்சுட்டு. நாட்டு நாய், கலப்பினம்னு ஒண்ணு இருக்கு."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உக்காந்திருக்கது ராஜபாளையத்துல. ஊரு பேரே நாய்க்குப் பேரு. இவ கலப்பினமா?"

மூன்றாவதுதான் விலை அதிகம், ஆறு சிலிண்டர். ஆபரேஷன், மருந்து, ஆஸ்பத்திரியில் தங்குவது எல்லாம் சேர்த்தி. அவள் யாரையாவது கடித்துவிட்டால் கடிபட்டவருக்கும் கொடுப்பார்களாம். ஜாதியை நாமே எழுதுவதற்கு ஒரு கட்டமும் இருந்தது. அவர் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னார்.

அதற்குக் கீழேதான் சிக்கல். பிறவிக் குறை ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. விண்ணப்பத்துக்கு உதவி செய்த ஏஜெண்டுக்கு போன் போட்டேன். "இல்லைன்னு போட்ருங்க மேடம். நாய் வந்து சொல்லவா போகுது?" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "தம்பி, உண்டுன்னே போடுதோம். தந்தா தரட்டும்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை டாக்டரம்மா அவளைப் பரிசோதித்துப் பிறவியிலேயே செவித்திறன் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அடையாளத்துக்கு மூக்கைக் கிட்டத்தில் போட்டோ எடுக்க வேண்டும். மாட்டுக்குக் கம்மல் மாதிரி இதற்கு மூக்கு ரேகை. என் கணவர் தரையில் குப்புறப் படுத்து போனை நீட்ட, அவள் ஒவ்வொரு தடவையும் போனை நக்கினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஒரு வாரத்தில் பாலிசி வந்தது. கூடவே ஒரு வரி: காது சம்பந்தப்பட்டதும் அதனால் வரும் பாதிப்பும் சேராது. அந்தக் கடைசிப் பகுதி எனக்கு உறுத்தியது. "காதுக்கு நாம வைத்தியம் பாக்கவா போறோம்?" என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு. மகாராஜபுரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போக அவர் காரை எடுத்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அலறல். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. காருக்குப் பின்னால் நிழலில் படுத்திருக்கிறாள், இவர் ரிவர்ஸ் எடுத்துவிட்டார். பின்னங்கால் தொங்கியது. அவர் தூக்கப் போனபோது வலியில் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. "நாந்தான், நாந்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு இடத்தில் முறிவு. அவர் கை கடிபட்டிருந்ததால் டாக்ஸி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிளேட் வைத்தோம். டாக்டர் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் கைக்கு ஊசி போட்டுக்கொண்டதும் அதற்குப் பிறகுதான்.

கிளெய்ம் படிவத்தில், விபத்து எப்படி நடந்தது என்று கேட்டிருந்தது. லேப்ரடார் வளர்க்கிற டீச்சர், "ஏதோ வண்டி இடிச்சிட்டுப் போயிருச்சுன்னு எழுதுங்க, தொல்லை இல்லை" என்றார். என் கணவர் தன் கையாலேயே எழுதினார்: நான் காரைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரு அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார். "சார், இன்ஜின் சத்தம் கேட்டிருந்தா நாய் எழுந்து போயிருக்கும் இல்லையா? அப்போ இது காதுக் குறையால வந்த பாதிப்பு. அதுக்குப் பாலிசியில இடமில்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் போனை வாங்கினேன்.

"சார், கண்ணாடியப் பாக்காம ரிவர்ஸ் எடுத்தது எங்க வீட்டுக்காரர். அவருக்குக் காது நல்லா கேக்கும்."

அந்தப் பக்கம் அவர் சிரித்த மாதிரி இருந்தது. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார். டாக்டரம்மா, நன்றாகக் காது கேட்கும் நாய்களும் இதே மாதிரி கால் முறிந்து என்னிடம் வருகின்றன என்று நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் பணம் வந்தது. நாங்கள் போட வேண்டிய பங்கு என்று ஒரு பகுதியைக் கழித்திருந்தார்கள், மதுரை போய்வந்த டாக்ஸிக்கும் கிடையாது. ஆனாலும் பெரும்பகுதி வந்துவிட்டது. அவருக்குப் பணத்தைவிட வேறொன்றுதான் பெரிதாக இருந்தது. "எழுதினத அப்படியே நம்பிட்டாவ, பாத்தியா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அன்றைக்குத்தான் பழையபடி சாப்பிட்டார்.

இப்போது அவள் நடக்கிறாள், ஓடுகிறாள். வேகமாக ஓடும்போது மட்டும் பின்னங்கால் லேசாக இழுக்கும். அவர்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் மில்லிலிருந்து வரும் நேரம் எப்படித்தான் தெரியுமோ, வாசல் கேட் அருகில் போய் நிற்பாள். காரை எடுக்கும் முன் அவர் ஒரு சுற்று சுற்றிவந்து குனிந்து பார்க்கிறார். அவள் என் காலடியில் கிடப்பது தெரிந்தாலும் பார்க்கிறார்.

இந்த வருடம் புதுப்பிக்கும்போது ஒரு சிலிண்டர் கூட்டிவிட்டார்கள். இரண்டு பேரும் முணுமுணுக்காமல் கட்டினோம். தெருவில் விஷயம் பரவி, நாய் வளர்க்கிறவர்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன வாரம் எதிர்வீட்டு அம்மா வந்தார்கள். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "என்னென்ன தருவாங்கன்னு பொறவு பாப்போம். முதல்ல என்னென்ன தரமாட்டாங்கன்னு வாசிங்க" என்று என் சிவப்புப் பேனாவை எடுத்து அவர்களிடம் நீட்டினார். நான் காபி போடப் போனேன்.