ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டவள்

1991இல் நான் சாக்ஸபோன் கற்றுக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் பேண்டு செட்டில் சேர்ந்துவிட்டேன். பகலில் ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. ஷிப்ட் முடிந்தால் சாக்ஸ். வாசிப்பு அரைகுறை, கர்வம் மட்டும் முழுசு. அதைப் பீப்பீ என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதன்முதலில் அப்படிச் சொன்னவர் என் மனைவியின் அண்ணன்.

குன்றத்தூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. டியூப்லைட்டுக்கான ஜெனரேட்டரை மீன்பாடி வண்டியில் ஏற்றி, சரியாக என் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது போட்ட கூச்சலுக்கு நடுவே கன்னம் வலிக்க ஊதினேன். முடிந்ததும் பேண்டு மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, நீ ஊதுனியா, சும்மா வாய்ல வெச்சிகினு நடந்தியா?"

"ஊதுனேன் மாஸ்டர்."

"முன்னால போற எனக்கே கேக்கல. அடுத்த முகூர்த்தம் பிள்ளைப்பாக்கத்துல கீது. அதுக்குள்ள நல்ல சாக்ஸா ஒண்ணு பாத்து வாங்கு. இல்லன்னா கிலுகிலுப்பைய ஆட்டிகினு பின்னால வா."

பிள்ளைப்பாக்கம் என் மனைவி பிறந்த ஊர். கல்யாணம் அவள் அண்ணன் குடியிருந்த அதே தெருவில். அங்கே கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு போவதைவிட, சாக்ஸைச் செம்பரம்பாக்கம் ஏரியில் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் சொன்னபோது அவளுக்கும் சோறு இறங்கவில்லை. அந்தத் தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தால் அது அவளைப் பார்த்துச் சிரித்ததுதான்.

வார லீவன்று பழைய சாக்ஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் மாற்றலாம் என்று மவுண்ட் ரோட்டுக் கடை ஒன்றுக்குப் போனேன். அவளும் வந்தாள். தான் இல்லாமல் நான் எதை வாங்கினாலும் விளங்காது என்பது அவள் கட்சி. கடையில் புதுசு ஒன்று தகதகவென்று தொங்கியது. எடுத்து ஊதினேன். கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

"இரு," என்றாள் அவள். "நாலு சுவத்துக்குள்ள எல்லாமே நல்லாத்தான் கேக்கும். நீ ரோட்லதான ஊதப்போற?"

"எனக்குத் தெரியாதா? எனக்குக் காது இல்ல?"

"உன் காதப் பத்திப் பேசாத. வூட்ல நீ ரேடியோ வெச்சா மூணாவது தெருவுல நியூஸ் கேக்குறாங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. நாள் முழுக்க பிரஸ் இடிக்கிற இடத்தில் காது மந்தமாகாமல் என்ன செய்யும்? லைனில் யாரும் வாயால் பேசுவதே இல்லை. கிரேன்காரருக்குக் காட்டுகிற சைகைதான் எல்லாவற்றுக்கும். கட்டை விரலை மேலே காட்டினால் தூக்கு, உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்கு. பழக்கதோஷத்தில் சாப்பிடும்போதுகூட ரசம் வேண்டுமென்றால் கட்டை விரலைத்தான் தூக்குவேன். அவளுக்கு எல்லாம் அத்துப்படி.

அங்கே கேட்கிறதா என்று பார்க்க, விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். நான் கடை வாசலில் நின்று ஊதினேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். புதுசுக்கு அவள் உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள். அடுத்ததை ஊதினேன். இறக்கு. அதற்கடுத்ததும் இறக்கு. குறை சாக்ஸில் இல்லை, என் மூச்சிலேயேதானோ என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரருக்கே பாவமாகிவிட்டது. "சார், உங்க சாக்ஸ் பாடி நல்லாத்தான் இருக்கு. வாய்ல வைக்கிற மவுத்பீஸ மட்டும் மாத்திப் பாருங்களேன்," என்று டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தார். உலோகத்தில் செய்தது, யாரோ வாசித்துப் பழசானது. என் பழைய சாக்ஸிலேயே மாட்டி ஊதினேன். வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உதட்டை இறுக்கி மறுபடி ஊதினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து அவளை மறைத்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.

பஸ் நகர்ந்தது. இரண்டு கட்டை விரலையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய தூக்கை நான் எந்தக் கிரேனுக்கும் காட்டியதில்லை. தனக்குத்தான் கை காட்டுகிறாள் என்று நினைத்து அடுத்த பஸ் அவள் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் திட்டியது எனக்குக் கேட்கவில்லை, அவள் திருப்பித் திட்டியது கேட்டது.

மவுத்பீஸை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் வந்தோம். அது லேசில் பழகவில்லை. உதடு வீங்கி, தண்ணீர் குடித்தால்கூட எரிந்தது. ஷிப்ட் முடிந்ததும் வயல்வெளியில் நின்று தினமும் ஊதினேன்.

கல்யாணத்தன்று மாஸ்டர் என் கையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "அதே பழசா?"

"ஒரு பாட்டு கேளுங்க மாஸ்டர். அப்புறம் கிலுகிலுப்பையக் குடுங்க."

ஊர்வலம் கிளம்பியது. பக்கத்திலேயே ஜெனரேட்டர். எடுத்து ஊதினேன். முன்வரிசைக் கிளாரினெட்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே தெருக்கோடி வீடுகளிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சாக்ஸை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கவா முடியும்? இரண்டாவது பாட்டில் மாஸ்டர் பின்னால் வந்து என் தோளைத் தட்டினார். "கொஞ்சம் தணிச்சு ஊதுய்யா. மத்தவங்களும் வாசிக்கத்தான் வந்துகீறாங்க." வாழ்க்கையில் ஒரு திட்டுக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பந்தலில் சாக்ஸை இறக்கி வைத்ததும் மச்சான் வந்தார். என்னைத் தாண்டி நேராக மாஸ்டரிடம் போனார். "தை மாசம் எங்க வூட்லயும் கல்யாணம் வெச்சிக்கீறோம். உங்க செட்டுதான் வரணும். இவரு, எங்க மாப்ள, முன்வரிசைல நின்னு ஊதணும்."

மாஸ்டர் தலையாட்டுவதற்குள், பந்திப் பக்கத்திலிருந்து என் மனைவி வந்து நடுவில் நின்றாள்.

"மாஸ்டர இன்னாத்துக்குக் கேக்குற?" என்றாள் அண்ணனிடம். "அந்தப் பீப்பீ வேணும்னா என்னக் கேளு."