ஏட்டையா நாற்காலியில் பெரியப்பா

போன வாரம் திருக்கோகர்ணத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் பேத்தியைக் கூட்டிப்போனேன். படம் எடுத்த பையன், "கொஞ்சம் சைடுல திரும்பும்மா" என்றான். கம்மல் தெரியட்டும் என்று அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். நான்தான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஸ்டுடியோக்களில் படம் கழுவும் ஹைப்போ வாடையே இல்லை, கவனித்தீர்களா? அந்தக் காலத்தில் அது என் விரலை விட்டுப் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறும் சேர்ந்து நாறும். ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பில் கேமரா தூக்கிய முதல் ஆள் நான்தான் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு.

எங்கள் பெரியவர்களின் படத்துக்கு முழுப் பக்கம் தருவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அதுவரை எங்கள் ஆட்கள் பத்திரிகையில் வந்ததெல்லாம் திருட்டுச் செய்தியில்தான். இந்த ஒரு பக்கத்திலாவது மனிதர்களாக வர வேண்டும் என்று எனக்கு வெறி. குன்றாண்டார்கோவில் பக்கமிருந்த எங்கள் குடியிருப்புக்குப் பெட்டிக் கேமராவோடு போய் இறங்கினேன்.

கேமராவைத் திறந்ததுமே பெரியவர்கள் தாமாகச் சுவரோரம் வரிசைகட்டினார்கள். ஒரு படம் எடுத்தேன். உடனே எல்லோரும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றார்கள். எங்கள் சாதியையே பிறவித் திருடர்களாக்கிய கைரேகைச் சட்டம் இருந்தவரை போலீஸ் ஸ்டேஷனில் அப்படித்தான் எடுப்பார்கள்; நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சட்டம் போய்ச் சில வருஷமாகியும் உடம்பு மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இது அச்சேறினால் மறுபடியும் திருடர் படம்தான்.

அப்பாவின் அண்ணனிடம், "பெரியப்பா, நீங்க ஒக்காருங்க" என்றேன். படத்துக்கு உட்காரலாமா என்று அவருக்குச் சந்தேகம். குடியிருப்பில் இருந்ததோ ஒரே நாற்காலி. ஆள் சரிபார்க்க வரும் ஏட்டையாவுக்கென்று வேப்பமரத்தடியில் போட்டது. அவர் வருவது நின்ற பிறகும் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று போய், துண்டால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கால்மேல் காலும் போட்டார்.

"இப்ப எடுடா. நேராத்தான் பாப்பேன், அங்கிட்டு இங்கிட்டுத் திரும்ப மாட்டேன்."

அப்புறம் மற்றவர்களும் முறைவைத்து உட்கார்ந்தார்கள். அச்சில் வந்த பக்கத்தின் நடுவில் பெரியப்பா, கீழே அவர் பெயர். அந்தப் பத்திரிகையை அவர் சந்தைக்கெல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இப்போது பெரியப்பா இல்லை. நாற்காலி உளுத்துப்போய் அடுப்பில் எரிந்தது. பெட்டிக் கேமராவுக்குப் பிலிம் சுருள் கிடைப்பதில்லை.

"ஏன் தாத்தா ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள் பேத்தி. ஒன்றுமில்லை என்றேன். சைடில் திரும்பச் சொன்னால் கம்மலுக்காகத்தான் என்று நினைக்கிறாளே, அது போதும். ஜெயித்துவிட்டோம் பெரியப்பா.